மோட்டாருக்கு மாடு பூட்டியவன்

என் பேரன் லாரி ஓட்டுகிறான். போன வாரம் வள்ளியூர் ரஸ்தாவில் ஒரு வேன் பேட்டரி செத்து நின்றிருக்கிறது. இவன் இளகின மனசுக்காரன். லாரியை அதன் மூக்குக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தி, தன் பேட்டரியிலிருந்து அதன் பேட்டரிக்கு இரண்டு வயரைப் போட்டிருக்கிறான். எந்த வயரை எந்த முனையில் வைப்பது என்பதை மட்டும் வேன்காரனிடம் கேட்டுக்கொண்டானாம். பொறி பறந்தது. வேன் கிளம்பவில்லை. அதற்கப்புறம் லாரியும் கிளம்பவில்லை. மூன்றாவதாக ஒரு வண்டி வந்து இரண்டையும் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போயிற்று.

மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "அடுத்தவன் வண்டியக் கெளப்பப் போயி எம் வண்டி நின்னு போச்சு தாத்தா. உதவி செய்யப் போனது ஒரு குத்தமா?" என்றான்.

"குத்தமில்லலே. அது நம்ம ரத்தத்துல இருக்கு," என்றேன். நானும் ஒரு காலத்தில் என் வண்டியைக் கட்டி இன்னொருத்தர் வண்டியைக் கிளப்பினவன்தான் என்று சொல்லி, மாடு கீழே விழுந்தது வரைக்கும் கதையைச் சொன்னேன். பயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாடு விழுந்ததற்கு அப்புறம் உள்ளதை அவனிடம் சொல்லவில்லை. அதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

முதல் பெரிய யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி நடந்தது இது. எங்கள் ஊர் சேரன்மாதேவிக்கு மேற்கே, பாபநாசம் போகிற ரஸ்தாவிலிருந்து அரை மைல் உள்ளே, ஆற்றங்கரையில் இருக்கிறது. அப்போது எங்கள் ஊரில் பாதிப் பேர் மோட்டாரைப் பார்த்ததில்லை. மீதிப் பேர் பார்த்தது அதன் புழுதியைத்தான். எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சொத்து என்று சொன்னால் ஒரு ஜோடி மாடு, ஒரு பாரவண்டி, இரண்டு கோட்டை விதைப்பாடு வயல், இவ்வளவுக்கும் சேர்த்து வேண்டியதைவிடப் பெரிதாக ஒரு வாய்.

எங்கள் தலைச்சன் பிள்ளை பிறந்து அழவே இல்லை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. மருத்துவச்சி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலமே கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். அதற்கப்புறம் ஆறு மாதம் என் மனைவி யாரோடும் நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. மறுபடி உண்டானபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்தத் தடவ ஆஸ்பத்திரி டாக்டரம்மா வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

டாக்டரம்மா என்றால் பாளையங்கோட்டைப் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த வெள்ளைக்கார அம்மாள். மாதம் ஒரு தரம் எங்கள் பக்கம் வந்து எங்கள் வேதக்கோயில் வராந்தாவில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்ப்பாள். நல்ல தமிழ் பேசுவாள், ஆனால் முழுக்கவும் வேதப்புத்தகத்துத் தமிழ். நான் போய்க் கேட்டதும், "வலி ஆரம்பித்த உடனே தந்தி கொடும். நான் வருவேன். எங்களுக்கு மோட்டார் வந்திருக்கிறது," என்றாள்.

அவள் 'நான் வருவேன்' என்றது என் மனைவிக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கோ 'மோட்டார்' என்ற ஒரு சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றவர்கள் அத்தனை பேரிடமும், "நம்ம வீட்டு நடைக்கு மோட்டார் வரப்போவுது, பாத்துக்கிடுங்க," என்று சொல்லியாகிவிட்டது. எங்கள் தெரு குறுகல். பக்கத்து வீட்டு முருங்கைமரம் ஒரு கொம்பைத் தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரின் கூரையில் இடிக்கும் என்று அந்தக் கொம்பை நானே வெட்டினேன். அந்த வீட்டுக்காரர் சாகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. தெருக்குழிகளுக்கு ஆற்று மணல் கொண்டுவந்து போட்டேன். வெந்நீருக்கு விறகு வெட்டிப் போடும்படி என் மாமியார் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அதற்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

ஒருநாள் காலையில் வலி கண்டது. ரயில் ஸ்டேஷனுக்கு ஓடித் தந்தி கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள், மாமியார் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறாள், மருத்துவச்சி என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்கிறாள். உள்ளே இருக்க முடியாமல் மாட்டைப் பூட்டிக்கொண்டு ரஸ்தாவுக்குப் போனேன். மோட்டாருக்கு வழி காட்டப் போகிறேன் என்று சொன்னேன். வழி காட்ட ஒரு ஆள் போதும், வண்டி எதற்கு? முன்னால் என் வண்டி ஓட, பின்னால் மோட்டார் வர, ஊருக்குள் நுழைய வேண்டும் என்று ஆசை. அவ்வளவு பயத்திலும் அந்த ஆசை இருந்தது. இதை நினைக்க இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உச்சிவேளைக்குப் புழுதி தெரிந்தது. அப்புறம் சத்தம். நான் நடு ரஸ்தாவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். மோட்டார் எனக்கு ஐந்தடி முன்னால் வந்து, குலுங்கி, இருமி, அடங்கிப்போயிற்று.

டிரைவர் காயல்பட்டினத்துக்காரர். கொழும்பில் மோட்டார் பழகிவிட்டு வந்தவர். "ஏன் வே, ரோட்டுக்கு நடுவுல வந்து நின்னா நான் என்ன செய்யுது? இஞ்சினு அணஞ்சு போச்சு," என்று இறங்கினார். முன்னால் ஒரு வளைந்த கம்பியைச் செருகிச் சுற்றினார். அந்தக் காலத்து மோட்டாருக்குப் பேட்டரியும் கிடையாது பித்தானும் கிடையாது, கையால் சுற்றித்தான் உயிர் கொடுக்க வேண்டும். இஞ்சின் சூடாக இருந்ததோ என்னவோ, மூன்றாவது சுற்றில் கம்பி எதிர்ப்பக்கமாகத் திருப்பி அடித்தது. "யா அல்லாஹ்," என்று வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு புழுதியில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா இறங்கி வந்து அவர் கையைத் தடவிப் பார்த்தாள். பையைத் திறந்து வெள்ளைத் துணியால் விரல்நுனி வரைக்கும் கட்டுப் போட்டாள். "எலும்பு முறியவில்லை. ஆனாலும் இந்தக் கையால் ஒன்றையும் தொடாதேயும்," என்றாள். நான் மட்டும் சும்மா நிற்பேனா? கம்பியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். உள்ளேயிருந்து என்னமோ உறுமிற்று. கம்பியை விட்டுவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

"வீடு இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"அந்தா ரெட்டப்பனை தெரியுதுல்லாம்மா, அதுக்குப் பொறத்தால. அரை மைலு இருக்கும்."

"அப்படியானால் நான் நடந்து போகிறேன்."

இந்த இடத்தில் "வாங்கம்மா" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. நான் சொன்னது வேறு. "வேண்டாம்மா. வரப்பெல்லாம் சேறு, வழுக்கும். ரெண்டே நிமிசத்துல மோட்டாரக் கெளப்பிருவோம்."

"உம்முடைய வண்டியில் ஏறிக்கொள்ளுகிறேனே."

"இதுலயாம்மா? பாரமடிக்குத வண்டி. தூக்கித் தூக்கிப் போடும்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் ஒரு மைல்கல்லின்மேல் உட்கார்ந்தாள். பெண்டாட்டிக்காரன் சொல்கிறானே, அவனுக்கு இல்லாத அவசரமா என்று நினைத்திருப்பாள்.

டிரைவர்தான் யோசனை சொன்னார். "கொழும்புல இப்பிடி நின்னா இன்னொரு மோட்டார முன்னால கட்டி இழுப்பாங்க அண்ணாச்சி. இழுத்தா சக்கரம் உருளும். சக்கரம் உருண்டா இஞ்சினும் சுத்தும், பத்திக்கிடும். இங்கன இன்னொரு மோட்டாருக்கு எங்க போவ?"

"எங்கிட்ட ரெண்டு இருக்கு வே," என்று மாடுகளைக் காட்டினேன். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த கர்வத்தை என்னவென்று சொல்ல. ஒன்று மயிலை, ஒன்று செவலை. பதினெட்டு மூடை நெல்லை வைத்து இழுக்கிற மாடுகள்.

வண்டியில் வைக்கோல் பாரம் கட்டுகிற கயிறு கிடந்தது. அதை எடுத்து வண்டியின் அச்சையும் மோட்டாரின் முன்பக்கத்தையும் சேர்த்துக் கட்டினேன். கட்டினது பாரத்துக்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், எவ்வளவு மேடு பள்ளத்தில் போனாலும் நெகிழாது. எங்கள் பக்கத்து வண்டிக்காரனுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் அந்த முடிச்சுத்தான் வரும். அவிழ்க்க வேண்டி வருமே என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

டிரைவர் இடது கையால் மோட்டாரைத் திருப்புகிற சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் வண்டியில் ஏறி மாட்டை விரட்டினேன். மாடுகள் ஒரு அடி வைத்தன, பின்னால் என்னமோ புதிதாக இழுக்கிறதே என்று நின்றுவிட்டன. கத்தினேன், வாலை முறுக்கினேன், சாட்டையால் போட்டேன். அசையவில்லை.

"கொம்ப ஊதிப் பாருங்க அண்ணாச்சி," என்றார் டிரைவர். "என் கை ஒண்ணு சக்கரத்துல இருக்கு, ஒண்ணு கட்டுல இருக்கு. நீங்கதான் வந்து அமுக்கணும்."

மோட்டாரின் பக்கவாட்டில் பித்தளைக் கொம்பு ஒன்று, அதன் கடைசியில் ரப்பர்க் குமிழ். இறங்கிப் போய் ஒரு அமுக்கு அமுக்கினேன். 'பாம்' என்று ஆற்றங்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். மாடுகள் இரண்டும் காதை விடைத்துக்கொண்டு பிடித்தன ஓட்டம். நான் வண்டியில் இல்லை. இருபது அடி போய் மோட்டாரின் கனத்தில் தானாக நின்றன. இஞ்சினிலிருந்து ஒரு இருமல் மட்டும் வந்தது.

"பத்தப் பாக்குது, பத்தப் பாக்குது," என்றார் டிரைவர். "இன்னுங் கொஞ்சம் வேகம் வேணும்."

மறுபடி அமுக்கினேன், ஓடி வண்டியில் ஏறினேன். அதற்குள் மாடுகள் நின்றுவிட்டன. மறுபடி இறங்கி வந்து அமுக்கினேன். இரண்டு மூன்று தரத்தில் மாடுகளுக்குச் சத்தம் பழகிவிட்டது. அப்புறம் சேர்ந்தாற்போல இரண்டு தடவை அமுக்கினால்தான் ஓடின, அதற்கப்புறம் மூன்று தடவை. கொம்புக்கும் வண்டிக்கும் நடுவில் நான் ஓடின ஓட்டத்தில் வேட்டி அவிழ்ந்து, தலைப்பாகை எங்கேயோ விழுந்து, புழுதி பூசி ஆளே அடையாளம் தெரியாமல் போனேன். உண்மையைச் சொன்னால் அந்தக் குமிழை அமுக்குவது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் அவள் கிடந்த கிடை அந்த நேரம் ஞாபகத்துக்கே வரவில்லை. மோட்டார் கிளம்புகிறதா இல்லையா என்பது ஒன்றுதான் உலகத்தில் பாக்கி இருந்தது.

எத்தனையாவது தடவையோ, படபடவென்று இஞ்சின் பற்றிக்கொண்டது. நான் சந்தோஷத்தில் வண்டியில் எழுந்து நின்றேன். மறு நிமிஷம் மோட்டார் பாய்ந்து வந்து என் வண்டியின் பின்பலகையில் மோதிற்று. பலகை இரண்டாகப் பிளந்தது, நான் மாடுகளின் முதுகில் விழுந்தேன். டிரைவர் ஒற்றைக் கையால் சக்கரத்தை ஒடித்து, தாண்டி வந்துவிட்ட ஊர்ப்பாதையைப் பார்த்து மோட்டாரைத் திருப்பினார். கயிறும் கூடவே போயிற்று. இவ்வளவு நேரம் நாங்கள் மோட்டாரை இழுத்தோம், இப்போது மோட்டார் எங்களை இழுத்தது, அதுவும் பின்பக்கமாக. மாடு பின்னால் நடந்து யார் பார்த்திருக்கிறார்கள்? நுகத்தடி கழுத்தை நெரிக்க, செவலை முன்னங்காலை மடக்கி விழுந்துவிட்டது.

"நிறுத்தும் வே," என்று கத்தினேன்.

"நிறுத்துனா அணஞ்சிரும் அண்ணாச்சி. அப்பறம் யாரு கெளப்புது? கயித்த அவுருங்க."

முடிச்சு இரும்பாக இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். வண்டியில் அரிவாள் இருந்தது. ஆனால் மாடு பூட்டியிருக்கும்போது வண்டிக் கயிற்றில் அரிவாள் வைக்கிறது ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு எண்ணம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்தான் நான், ஆனாலும் கை கூசிற்று. செவலை இழுபடுகிறது, நான் அரிவாளை வைத்துக்கொண்டு நல்லது கெட்டது யோசிக்கிறேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வெட்டு. கயிறு விட்டதும் மோட்டார் பறந்தது.

பேரனுக்குச் சொன்னது இந்த இடம் வரைக்கும்தான்.

மாட்டை அப்படியே போட்டுவிட்டு நான் மோட்டாருக்குப் பின்னால் ஓடினேன். மோட்டார் என் வீட்டுக்குப் போகிறபோது நான் அதில் இல்லாமல் எப்படி? எட்டிப் பிடித்துப் படியில் ஏறிக்கொண்டு, டிரைவரின் தோளுக்கு மேலே கையை நீட்டிக் கொம்பை அமுக்கினபடியே ஊருக்குள் நுழைந்தேன். செவலை எழுந்திருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். புளியமரத்தைப் பார்க்கவில்லை.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கோழிகள் கூரைமேல் ஏறின. முருங்கைக்கொம்பு இருந்த இடத்தில் இடிக்காமல் போனோம், அதையும் நான் கவனித்தேன். வீட்டு நடையில் வண்டி நின்றது, டிரைவர் இஞ்சினை அணைக்கவில்லை. நான் குதித்து இறங்கி, ஊர் பார்க்கப் பின்கதவைத் திறந்து பிடித்தேன்.

உள்ளே ஒரு குடை மட்டும் கிடந்தது.

"டாக்டரம்மா எங்க வே?" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"நீங்க ஏத்தலயா?" என்றார் டிரைவர்.

யாருக்காகத் தந்தி கொடுத்தேனோ அந்த மனுஷியை அரை மைலுக்கு அப்பால் மரத்தடியில் விட்டுவிட்டு, மோட்டாரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். வண்டியைத் திருப்பத் தெருவில் இடமில்லை. ஓடுவதற்கு வேட்டியை மடித்துக் கட்டினேன்.

அப்போது என் வீட்டுக்குள்ளேயிருந்து டாக்டரம்மா வெளியே வந்தாள். முழங்கை வரைக்கும் சட்டையைச் சுருட்டியிருந்தாள். பாவாடையில் முழங்கால் வரைக்கும் சேறு. நான் கொம்புக்கும் வண்டிக்கும் ஓடிக்கொண்டிருந்தபோதே அவள் எழுந்து வரப்பில் இறங்கி, இரட்டைப்பனையைப் பார்த்து நடந்துவிட்டிருக்கிறாள். எப்போது போனாள் என்று எனக்கும் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது.

"அந்த இயந்திரத்தை நிறுத்துங்கள்," என்றாள். "குழந்தைக்கு மூச்சு இருக்கிறதா என்று எனக்குக் கேட்கவில்லை."

டிரைவர் என்னைப் பார்த்தார். இவ்வளவு பாடுபட்டுப் பற்றவைத்த இஞ்சின். நான் தலையை ஆட்டினேன். அணைத்தார். டாக்டரம்மா உள்ளே ஓடினாள்.

தெருவில் ஒரு சத்தமில்லை. நான் மோட்டாரின் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். தலைச்சன் பிள்ளைக்கும் இப்படித்தான் வாசலில் நின்றேன், அன்றைக்கும் இதே அமைதிதான். ஆண்டவரே, இனிமேல் வாயைத் திறக்கமாட்டேன் என்று பொருத்தனை பண்ணினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் உள்ளே ஒரு அழுகை கேட்டது. முதலில் பூனைக்குட்டி மாதிரி மெலிசாக, பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி. பெண்பிள்ளை. நான் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். லாரி ஓட்டுகிறவனின் அம்மா அவள்தான்.

கையைக் கழுவிக்கொண்டு வந்த டாக்டரம்மா என்னிடம் அதிகம் பேசவில்லை. "இதற்கும் கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. இன்னும் கால்மணி நேரம் உமது பேச்சைக் கேட்டு நான் உட்கார்ந்திருந்தால், ஜெபம் பண்ணத்தான் வந்திருப்பேன்," என்றாள். குடையை எடுத்துக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தே போனாள். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லியிருந்தாலும் வண்டியும் இல்லை, மாடும் இல்லை. செவலையை நாலு பேர் பிடித்துக் கூட்டிவந்தார்கள். ஒரு மாதம் நொண்டிற்று.

மோட்டார் அதற்கப்புறம் கிளம்பவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஆள் வருகிற வரைக்கும் மூன்று நாள் என் வீட்டு நடையிலேயே நின்றது. எங்கள் கோழி அதில் இரண்டு முட்டை இட்டது. பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பொருத்தனையை மறந்து, ஒவ்வொருத்தருக்கும் நான் என் மாடுகளின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் உள்ளே போய் மனைவியிடமும் அதே பெருமையை ஆரம்பித்தேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"மொத தடவ கொம்புச் சத்தம் கேட்டதும், 'அந்தா வந்துட்டாவ'ன்னு எங்கம்மை சொன்னா. சரி, இந்தப் பிள்ள தப்பிச்சிரும்னு நானும் பல்லக் கடிச்சுக்கிட்டேன். அப்பறமும் அந்தச் சத்தம் அங்கனயேதான் கேட்டுது. பக்கத்துல வரவே இல்ல. பதினோரு தடவ எண்ணுனேன். அதுக்கு மேல எண்ணல. இதுவும் போயிரும்னு நெனச்சு, சொவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டேன்."

நான் கீழே கிடந்த பிள்ளைத்துணியை எடுத்து மடித்தேன்.

"அத்தன தடவ அத யாரு அமுக்குனது?" என்று கேட்டாள்.

"டிரைவருதான்," என்றேன். "சொல்லச் சொல்லக் கேக்கல."

அவள் பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிப் போட்டு, முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அவரு கையில டாக்டரம்மா கட்டுப் போட்டிருந்தாவளாமே," என்றாள். கொஞ்சம் கழித்து, "போயி கையக் கழுவிட்டு வந்து பிள்ளயப் பிடிங்க," என்றாள்.